வயல் மண்ணிலும் ஆற்று நீரிலும் சேரும் மருந்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிருக்கு அடிக்கிற பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் ஒரு பக்கம். மனிதர்களும் ஆடுமாடு கோழிகளும் சாப்பிடுகிற மாத்திரை, ஊசி இன்னொரு பக்கம். வேலை முடிந்தபின் இவை எங்கே போகின்றன என்று விவசாயிகளும் ஆற்றுநீரை நம்பியிருக்கிற ஊர்க்காரர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். சாயக்கழிவு, தோல் கழிவு பற்றி நிறையப் பேசிவிட்டோம். அவை கண்ணுக்குத் தெரியும், மூக்கைத் துளைக்கும். இவை பெரும்பாலும் நிறமோ வாசனையோ இல்லாமல் வந்து சேர்கிறவை.

வயலில் அடிக்கிற மருந்து ஆற்றுக்கு எப்படிப் போகிறது?

காற்றடிக்கும் நேரத்தில் தெளித்தால் ஒரு பங்கு பக்கத்து வாய்க்காலில் விழுகிறது. தெளித்த அன்றோ மறுநாளோ மழை பெய்தால் இலையில் இருந்ததும் மண்ணின் மேல் இருந்ததும் ஓடும் நீரோடு போகிறது. தண்ணீரில் எளிதில் கரையும் இமிடாகுளோபிரிட் போன்றவை கரைந்தே போகும். குளோர்பைரிபாஸ் போல மண்ணோடு ஒட்டிக்கொள்கிறவை, மழையில் கரைந்து ஓடும் வண்டலோடு சேர்ந்து போய் ஏரி, கண்மாயின் அடியில் படியும். நெல் வயல் என்றால் இன்னும் நேரடி வழி இருக்கிறது: மருந்து போட்ட வயலின் தண்ணீரை வடித்துவிட்டால் அது அப்படியே வாய்க்காலுக்குத்தான் போகும்.

பலர் கணக்கிலேயே எடுக்காத வழி ஒன்று உண்டு. மருந்து கலக்கும் இடம், டேங்க் கழுவும் இடம். கிணற்று மேட்டிலோ வாய்க்கால் கரையிலோ வைத்துக் கலக்கும்போது சிந்துவது நீர்த்த மருந்து அல்ல, டப்பாவில் இருக்கிற அடர்த்தியான மருந்து. ஐரோப்பாவில் பல சிற்றாறுகளைக் கண்காணித்தபோது, நீரில் கலந்த பூச்சிக்கொல்லியில் பெரும் பங்கு இப்படிக் கலக்கும்போதும் கழுவும்போதும் வந்ததுதான் என்று தெரிந்தது.

மாத்திரை எப்படி வயலுக்கு வரும்?

நாம் விழுங்குகிற மருந்து முழுவதையும் உடம்பு எரித்துவிடுவதில்லை. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினை எடுத்துக்கொள்ளுங்கள்: ரத்தத்தில் சேர்ந்த மெட்ஃபார்மின் மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மலத்தையும் அழுக்கையும் மட்க வைப்பதற்காகக் கட்டப்பட்டவை. அங்கே பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவை நன்றாகவே சிதைகின்றன. டைக்ளோஃபெனாக் பாதி தப்பிவிடும். வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபைன் ஏறக்குறைய தொடப்படாமல் வெளியே வருகிறது. அந்தத் தண்ணீர்தான் நகரத்துக்குக் கீழே உள்ள வயல்களுக்குப் பாசனம். சுத்திகரிப்பே இல்லாத ஊர்களில் கேட்கவே வேண்டாம்.

2022-ல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு 104 நாடுகளில் 258 ஆறுகளைப் பார்த்தது. அதிகம் தென்பட்டவை கார்பமசெபைன், மெட்ஃபார்மின், காஃபீன். மாதிரி எடுத்த இடங்களில் நான்கில் ஒன்றில், நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பான அளவை ஏதாவது ஒரு மருந்தாவது தாண்டியிருந்தது, அல்லது நுண்ணுயிர்களில் எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும் அளவுக்கு இருந்தது.

ஆனால் இவை எல்லாவற்றையும் சின்னதாக்கிவிடுகிற மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: மருந்து தயாரிக்கிற ஆலைகளின் கழிவு.

படான்சேருவில் என்ன நடந்தது? ஏன் எல்லாரும் அதையே சொல்கிறார்கள்?

ஹைதராபாத்துக்கு வடமேற்கே இருக்கிறது படான்சேரு. 1970-களில் வளரத் தொடங்கிய தொழிற்பேட்டை. உலகம் முழுக்க விற்கிற மாத்திரைகளின் மூலப்பொருளைத் தயாரிக்கும் ஆலைகள் இங்கேயும் சுற்று வட்டாரத்திலும் குவிந்தன. சுமார் 90 ஆலைகளின் கழிவுநீர் ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்தது. அங்கிருந்து வெளியேறிய நீர் இசகவாகு என்ற ஓடையில் விழுந்து, நக்கவாகு, மஞ்சீரா வழியாகக் கோதாவரியைச் சேர்ந்தது.

2007-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அந்த 'சுத்திகரித்த' நீரில் என்ன இருக்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்தது. நாம் முதுகில் மாட்டுகிற 16 லிட்டர் ஸ்பிரேயர் டேங்கை அந்த நீரால் நிரப்பினால், உள்ளே ஒரு முழு 500 மில்லிகிராம் மாத்திரை கரைந்திருக்கும். மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அது பல மடங்கு அதிகம். சில பாக்டீரியாக்களைக் கொல்லத் தேவையான அளவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அந்த ஒரு நிலையத்திலிருந்து ஒரே நாளில் வெளியேறிய சிப்ரோஃப்ளாக்சசின் சுமார் 45 கிலோ என்று கணக்கிட்டார்கள். மாத்திரைக் கணக்கில் 90,000. அன்றைக்கு 90 லட்சம் மக்கள் தொகை கொண்ட ஸ்வீடன் முழுவதும் ஐந்து நாளில் சாப்பிட்ட அளவு அது.

இரண்டு ஆண்டு கழித்து அதே ஆய்வாளர்கள் சுற்றியுள்ள கிராமங்களின் கிணறுகளையும் ஏரிகளையும் பார்த்தார்கள். மாதிரி எடுத்த ஆறு கிராமங்களிலும் கிணற்று நீரில் மருந்து இருந்தது. அவற்றை யாரும் வாங்கிச் சாப்பிடவில்லை, தாகத்துக்குக் குடித்திருக்கிறார்கள். பிறகு வந்த ஆய்வுகள் ஆற்று வண்டலிலும் வயல் மண்ணிலும் இதே வகை ஆன்டிபயாடிக்கைக் கண்டன. பக்கத்துக் காசிப்பள்ளி ஏரியில் மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர் மரபணுக்கள், ஒப்பீட்டுக்கு எடுத்த ஸ்வீடன் ஏரியைப் போல் சுமார் 7,000 மடங்கு இருந்தன.

இந்த வட்டாரத்து விவசாயிகள் விஞ்ஞானிகளுக்கு முன்பே இதைச் சொன்னவர்கள். பயிர் கருகுகிறது, மாடு சாகிறது, கிணறு கெட்டது என்று 1980-களிலிருந்து போராடி, 1990-ல் உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. பிற்பாடு குழாய் போட்டுக் கழிவை ஹைதராபாத்தின் ஆம்பர்பேட் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அது போவது மூசி ஆற்றுக்கு. மூசி நீரில் நெல்லும் மாட்டுத் தீவனப் புல்லும் விளைகின்றன. ஓடை மாறியது, வயல்கள் மாறின. அதைத் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது இதற்குச் சட்ட வரம்பு இருக்கிறதா?

2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டது. மருந்து ஆலைக் கழிவுநீரில் 121 ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கலாம் என்று அதில் வரம்பு இருந்தது. இப்படி ஒரு வரம்பை உலகில் முதலில் கொண்டுவரும் நாடு நாமாகத்தான் இருந்திருப்போம். 2021 ஆகஸ்டில் இறுதி அறிவிப்பு வந்தபோது அந்தப் பகுதி இல்லை. 2024 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக் ஆலைக் கழிவுக்கான வழிகாட்டுதல் வெளியிட்டது. அது வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை.

இந்த விஷயத்தில் ஒரே ஒரு கோரிக்கை வைக்கச் சொன்னால், அந்த 121-ன் பட்டியலைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பேன். ஆயிரம் ஊர்க் கிணறுகளில் தேடுவதைவிட ஆலையின் ஒரு குழாய் வாயில் அளப்பது எளிது, மலிவு. அங்கே மருந்து அடர்த்தியாக இருக்கிறது, பிடித்து நிறுத்த முடிகிறது. ஆற்றில் கலந்தபின் யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

காவிரியில் இருக்கிறதா?

இருக்கிறது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இரண்டு ஆண்டு காவிரியைக் கண்காணித்து 2021-ல் முடிவைச் சொன்னார்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள், அட்டெனோலால் போன்ற ரத்த அழுத்த மருந்துகள், சிப்ரோஃப்ளாக்சசின், காஃபீன் எல்லாம் கிடைத்தன. கூடவே பூச்சிக்கொல்லியும் கன உலோகமும். படான்சேரு அளவோடு இதை ஒப்பிடக்கூடாது, அளவு மிகவும் குறைவு. ஆனால் குடிநீர்த் திட்டங்களுக்குத் தண்ணீர் எடுக்கிற இடங்களிலும் கலப்பு இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்றில் ஓட்டம் குறையும் மாதங்களில் அதே கழிவு குறைந்த நீரில் கலக்கிறது, அதனால் அடர்த்தி ஏறுகிறது. ஆற்றில் தண்ணீர் விடுவது வெறும் பாசனப் பிரச்சினை மட்டும் அல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோழி எரு போடலாமா? அதில் ஆன்டிபயாடிக் இருக்குமாமே?

போடலாம், பச்சையாக வேண்டாம். பண்ணையில் கொடுத்த மருந்தில் கணிசமான பங்கு எச்சத்தில் வெளியே வரும். நன்றாகச் சூடேறி மட்கிய எருவில் டெட்ராசைக்ளின் வகை பெருமளவு சிதைந்துவிடும். என்ரோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை அவ்வளவு சீக்கிரம் போகாது. அவை களிமண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கும். சல்ஃபா மருந்துகள் மண்ணில் நிற்காமல் தண்ணீரோடு இறங்கும். எரு வாங்கும்போது கடைசியாக என்ன மருந்து எப்போது கொடுத்தார்கள் என்று பண்ணையில் கேளுங்கள். நேராகச் சொல்கிற பண்ணைக்காரர்கள் இருக்கிறார்கள்.

மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிற கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழி சீக்கிரம் எடை கூடட்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு அதைக் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பு எல்லாவற்றிலும் தடை செய்தது. நல்ல முடிவு, தாமதமாக வந்தது.

அடித்த மருந்து மண்ணில் எத்தனை நாள் இருக்கும்?

மருந்தைப் பொறுத்து, மண்ணைப் பொறுத்து. ஒரு மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம் கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு வாரங்கள் முதல் மாதங்கள். அது சிதைந்து உண்டாகும் பொருள் இன்னும் நீண்ட நாள் இருக்கும். இமிடாகுளோபிரிட் சில மண்ணில் மாதங்கள், சிலவற்றில் ஆண்டுக்கு மேல். டிடிடி 2 முதல் 15 ஆண்டு. வெயிலும் ஈரமும் மண்ணில் உயிரும் இருந்தால் சீக்கிரம் சிதையும். அதனால் குளிர் நாட்டுப் புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே நம் கரிசலுக்கோ செம்மண்ணுக்கோ எடுத்துக்கொள்ளக் கூடாது.

தடை செய்த மருந்து மண்ணில் இன்னும் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். இந்தியாவில் விவசாயத்துக்கு டிடிடி 1989-ல் தடையானது (கொசு ஒழிப்புக்கு அனுமதி தொடர்ந்தது), பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லி 1997-ல். மண்ணில் இன்று கிடைப்பது பெரும்பாலும் அன்று போட்டதன் மிச்சம்.

ஐரோப்பிய விளைநிலங்களில் 11 நாடுகளிலிருந்து எடுத்த 317 மண் மாதிரிகளில் 83 சதவீதத்தில் ஏதோ ஒரு பூச்சிக்கொல்லி எச்சம் இருந்ததாக 2019-ல் வெளியிட்டார்கள். 58 சதவீதத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்திருந்தன. பாதுகாப்பு வரம்புகளை ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகப் போடுகிறோம். மண்புழு கலவையில்தான் வாழ்கிறது.

இவ்வளவு சின்ன அளவில் இருந்தால் என்ன கெடுதி?

ஐரோப்பாவில் குடிநீருக்கு ஒரு பூச்சிக்கொல்லியின் வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நிற்கிற குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு கோடி லிட்டர். அதில் ஒரே ஒரு கிராம் மருந்து கலந்தால் அந்த வரம்பு எட்டிவிடும். வாய்க்காலில் கழுவிய ஒரு டப்பாவின் அடியில் அதைவிட அதிகம் ஒட்டியிருக்கும்.

அதோடு, இமிடாகுளோபிரிட் குடும்பத்து மருந்துகள் பூச்சிகளின் நரம்பில் மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்கிறவை. ஜப்பானில் ஷிஞ்சி ஏரியைச் சுற்றி நெல் வயல்கள் இருக்கின்றன. 1993-ல் அங்கே அந்த மருந்தைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஏரியில் மீன்களுக்கு உணவான மிதவை நுண்ணுயிர்களும் புழுக்களும் சரிந்தன. 240 டன் கிடைத்துக்கொண்டிருந்த ஒரு வகைச் சிறுமீன் 22 டன்னுக்கு இறங்கியது. மருந்து மீனைக் கொல்லவில்லை, அதன் சாப்பாட்டைக் கொன்றது. 2019-ல்தான் இதன் முழுக் கணக்கும் வெளியே வந்தது. அதுவரை மீனவர்கள் ஏன் என்று தெரியாமலே வலையை இழுத்திருக்கிறார்கள். நெல்லும் ஏரி மீனும் சேர்ந்தே இருக்கிற நம் ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை வேறு இல்லை.

மண்ணில் உள்ள மாத்திரை மருந்து காய்கறிக்குள் போகுமா?

போகும், எல்லாம் அல்ல. கார்பமசெபைன் நீரோடு ஏறி இலையில் சேரும். அதனால் கீரைகளில் அதிகம், பழத்திலும் கிழங்கிலும் குறைவு. இஸ்ரேலில் பாசனத்துக்குப் பெரும்பாலும் சுத்திகரித்த கழிவுநீர்தான். அங்கே 34 தன்னார்வலர்களுக்கு அந்த நீரில் விளைந்த காய்கறிகளையும் நல்ல நீரில் விளைந்தவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். கழிவுநீர்க் காய்கறி சாப்பிட்ட வாரத்தில் அவர்கள் சிறுநீரில் கார்பமசெபைன் ஏறியது. வைத்தியத்துக்குக் கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். ஆனால் வழி திறந்திருக்கிறது என்பது நிரூபணமானது.

இலங்கையின் சிறுநீரக நோய்க்குக் களைக்கொல்லிதானே காரணம்?

அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. அனுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாவின் சில பகுதிகள் என உலர் வலயத்தில் நெல் விவசாயிகளை 1990-களிலிருந்து தாக்கும் இந்த நோய்க்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ காரணமில்லை. கிணற்று நீரின் புளோரைடும் கடினத்தன்மையும், வெயிலில் உடம்பு வற்றுவது, வேளாண் ரசாயனம் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. அரசு 2015-ல் கிளைபோசேட்டைத் தடை செய்தது, 2018-ல் தேயிலை, ரப்பருக்குத் தளர்த்தியது, 2022-ல் நீக்கியது. ஒரே குற்றவாளியைக் காட்டிவிட்டால் மற்றவை தப்பிவிடும். அந்த விவசாயிகளுக்கு உடனே வேண்டியது நல்ல குடிநீர். அதில் மட்டும் சந்தேகமே இல்லை.

கேரளத்தின் காசர்கோடும் அப்படித்தானா?

அங்கே நிலைமை வேறு. 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை அரசு முந்திரித் தோட்டங்களின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். மலைச்சரிவில் தோட்டம், சரிவின் கீழே வீடு, திறந்த கிணறு, மலையைக் குடைந்து நீர் எடுக்கும் சுரங்கம். தெளித்தது எங்கே விழுந்திருக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை. ஊனத்தோடு பிறந்த குழந்தைகள், நரம்பு நோய்கள் என்று அந்தக் கிராமங்கள் இன்றும் சுமக்கின்றன. 2011 ஏப்ரலில், நெடுநாள் சிதையாத நச்சுகளுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை எண்டோசல்ஃபானைத் தடைப் பட்டியலில் சேர்த்தது, அடுத்த மாதம் நம் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவு வந்தது 2017-ல். தெளிப்பு நின்று 17 ஆண்டு ஆகியிருந்தது.

தண்ணீரைக் காய்ச்சினால் போய்விடுமா?

போகாது. காய்ச்சினால் கிருமி சாகும். இந்த மருந்துகளில் பெரும்பாலானவை அப்படியே இருக்கும், நீர் வற்றினால் அடர்த்தி கூடவும் செய்யும். கரி வடிகட்டி பல பூச்சிக்கொல்லிகளைப் பிடிக்கும், காலாகாலத்தில் மாற்றினால். ஆர்.ஓ. இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் பிடித்ததைக் கழிவு நீரில் வெளியே விடும். காய்கறியை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே உள்ளது ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவிய மருந்து கழுவினால் வராது. அறுவடைக்கு முன் லேபிளில் சொன்ன இடைவெளி நாட்களை விடுவதுதான் அதற்கு மருந்து.

சரி, விவசாயியாக நான் என்ன செய்யலாம்?

டேங்கைக் கழுவுகிற இடத்தை முதலில் மாற்றுங்கள். கிணறு, போர், வாய்க்கால் பக்கத்திலிருந்து தள்ளிப் போய்க் கலக்குங்கள். காலியான டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரையும் ஸ்பிரேயரிலேயே ஊற்றி அடித்துவிடுங்கள். பிறகு டப்பாவில் ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுத்துப்போவார்கள். டேங்க் கழுவிய நீரை அதே வயலில் தெளித்துவிடலாம்.

ஸ்வீடன் விவசாயிகள் 1990-களிலிருந்து ஓர் எளிய ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். குழி வெட்டி, அடியில் களிமண் பரப்பி, அதன்மேல் பாதி வைக்கோல், கால் பங்கு மட்கிய கரிமப் பொருள், கால் பங்கு மேல்மண் மூன்றையும் ஒன்றாகக் கலந்து அரை மீட்டருக்கு மேல் நிரப்பி, மேலே புல் வளர்க்கிறார்கள். மருந்து கலப்பதும் கழுவுவதும் அதன் மேலேதான். சிந்துவதை வைக்கோலில் வளரும் பூஞ்சை சிதைத்துவிடுகிறது. வைக்கோல் நமக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு ஒன்றாகவாவது இதைச் செய்ய ஊராட்சிகள் முன்வர வேண்டும்.

நெல்லில் களைக்கொல்லி போட்டால் தண்ணீரை உடனே வடிக்காதீர்கள். ஜப்பானில் 7 நாள் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். அப்புறம், உரக்கடைக்காரர் சேர்த்துக் கொடுக்கிற மூன்று நான்கு மருந்துக் கலவையை வாங்காதீர்கள். பூச்சியின் பெயரைச் சொல்லி, அதற்கான ஒன்றைக் கேளுங்கள்.

வீட்டில் காலாவதியான மாத்திரைகளை என்ன செய்வது?

பொதுவாகக் கழிவறையில் கொட்ட வேண்டாம், வயலிலும் குப்பைமேட்டிலும் எறிய வேண்டாம். 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகள் இவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. தனியாகக் கொடுத்தால் உள்ளாட்சி வாங்கிக்கொள்ள வேண்டும். பூச்சிமருந்து டப்பாவும் அதே வகைதான். வாங்க மறுத்தால் எழுத்தில் கேளுங்கள்.

சுத்தம் செய்கிற செலவை யார் ஏற்பது?

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. பெரிய கழிவுநீர் நிலையங்களில் மருந்துகளை நீக்கக் கூடுதல் கட்டம் அமைக்க வேண்டும், அதன் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் தர வேண்டும். நிறுவனங்கள் நீதிமன்றம் போயிருக்கின்றன. எனக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே படுகிறது. நோயாளியிடமும் விவசாயியிடமும் பில் போடுவதைவிட, லாபம் பார்த்தவரிடம் கேட்பது சரி.

என் கிணற்று நீரை எங்கே சோதிப்பது?

சாதாரணத் தண்ணீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, கிருமிதான் பார்ப்பார்கள், பூச்சிக்கொல்லி வராது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற, எஞ்சிய நஞ்சு பார்க்கிற ஆய்வகம் வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஆய்வகம் உண்டு. போகும் முன் அழைத்து, உங்கள் பகுதியில் அடிக்கிற மருந்துகளின் பெயரைச் சொல்லி, அவை அவர்கள் பட்டியலில் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத மருந்தை எந்தக் கருவியும் தேடித் தராது. பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து, ஐஸ் வைத்து, அன்றே கொண்டுபோங்கள். தெளிப்புக் காலத்தில், முதல் மழைக்குப் பிறகு எடுத்தால் மோசமான நிலை தெரியும். கோடையில் ஒருமுறை எடுத்தால் நிலத்தடிக்குள் இறங்கியது தெரியும். நான்கைந்து கிணற்றுக்காரர்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டால் கட்டுப்படியாகும், முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் முடியும்.